சுவர்ப் பத்திரிகையின் எழுத்துக்காரி

காலையில் அம்பத்தூர் ஸ்டேஷனில் ஊரே சென்ட்ரல் போகிற ரயிலுக்கு முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது நான் எதிர் பிளாட்பாரத்தில் நிம்மதியாக நிற்பேன். நான் போக வேண்டியது பட்டாபிராம். அந்தப் பக்கம் போகிற ரயிலில் அந்த நேரத்துக்குக் கால் நீட்டியே உட்காரலாம். ஜன்னலோரம் பிடித்து, பையிலிருந்து பிள்ளைகள் எழுதிய செய்திகளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தால் திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி எல்லாம் எப்போது வந்தன, எப்போது போயின என்றே தெரியாது. நடுவில் ஏதாவது ஒரு வரியைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துவிடுவேன். எதிரில் இருக்கும் பெண்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எனக்குச் சந்தோஷம் வந்தால் சத்தமும் சேர்ந்து வந்துவிடும். கோபம் வந்தாலும் அதே சத்தம்தான். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என் வீட்டுக்காரருக்கே சில வருஷம் ஆனது.

எங்கள் பள்ளி ஒரு வாடகை வீடு. கீழே ஒரு கூடம், மேலே இரண்டு அறை, அதற்கு மேல் மொட்டை மாடி. பரீட்சை கிடையாது, ரேங்க் கிடையாது, பெஞ்சுகூடக் கிடையாது. தெருவில் எங்களுக்குப் பெயரே 'பாய் போட்டு நடத்துற ஸ்கூல்'. ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், புதிதாக முளைத்த அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வருகிற ஐடிக்காரர்களின் பிள்ளைகள், அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே பாயில் உட்காருவார்கள். எங்களை அவர்கள் டீச்சர் என்றோ சார் என்றோ கூப்பிட மாட்டார்கள். அக்கா, அண்ணா, அவ்வளவுதான். நான் தமிழ் அக்கா.

நான் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் கட்டுரை எழுதித் தந்தார்கள். பசு ஒரு வீட்டு விலங்கு. பசுவுக்கு நான்கு கால்கள். குவார்ட்டர்ஸ் பிள்ளைக்கும் அதே பசு, ஃபிளாட் பிள்ளைக்கும் அதே பசு. படித்துப் படித்து எனக்கு வெறுத்துவிட்டது. அந்தப் பசுவைப் பற்றித் தெரிந்துகொள்ள உலகத்தில் யார் காத்திருக்கிறார்கள்? படிக்க ஆள் இல்லாமல் எழுதுவது என்ன எழுத்து? ஒருநாள் பொறுக்க முடியாமல், "எல்லாரும் பேனாவை மூடுங்க. இனிமே தெருவுக்கு எழுதப் போறோம்" என்றேன்.

அப்படி ஆரம்பித்ததுதான் சுவர்ப் பத்திரிகை. பெரிய சார்ட் தாள்களை ஒட்டி, அதில் மார்க்கரால் எழுதி, சனிக்கிழமை காலையில் காம்பவுண்டுச் சுவரின் வெளிப்பக்கம் மாட்டிவிடுவோம். தண்ணீர் என்று வரும், யார் வீட்டு நாய் குட்டி போட்டது, ரயில்வே கேட்டில் நேற்று எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருந்தது, எல்லாம் செய்திதான். பிள்ளைகள் செய்தி கொண்டு வருவார்கள். மாதம் ஒரு பிள்ளை பத்திரிகை ஆசிரியர். நான் திருத்துவேன். கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் சார்ட்டில் அழகாக எழுத வேண்டும். முதல் சனிக்கிழமை ஒருத்தரும் நிற்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். உள்ளே ஜன்னலில் நாங்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் போனதும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்துவிட்டார்.

அந்த வருஷத்தின் நடுவில்தான் அவள் வந்து சேர்ந்தாள். பதினொரு வயது. எண்ணெய் வைத்து இறுக்கி வாரிய தலை. எங்களுடையது அவளுக்கு மூன்றாவது பள்ளி. அவள் அம்மா மெயின் ரோடு வளைவில் சாக்கை விரித்துக் காய்கறி விற்பவர். முதல் நாள் மற்ற பிள்ளைகள் செய்தி எழுதிக்கொண்டிருக்க, அவள் ஓரமாக உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த போன வாரத் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் நிமிர்ந்து நின்றது. ழகரத்தின் கால் வளைகிற இடத்தில் ஒரு அவசரம் இல்லை. நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்து பேனாவைக் கீழே போட்டுவிட்டாள்.

"இனிமே நீதான் நம்ம எழுத்துக்காரி" என்று மார்க்கரை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை வாங்கிய விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டு கையாலும் வாங்கினாள்.

பத்திரிகையின் முகமே மாறிப்போனது. "யாரும்மா இத்த எழுதறது? பிரின்ட்டு மாரி கீதே!" என்று தெருவில் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் அம்மா சனிக்கிழமைகளில் கடையைப் பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, காய் வாங்க வந்தவர்களையே கையோடு அழைத்துவருவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கையை வீசிக் காட்டி, "தோ, இது மொத்தம் எம் பொண்ணு எழுதுனது" என்பார். அவள் சற்றுத் தள்ளி நின்று சுவரைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதுவரை போன பள்ளிகளில் எல்லாம் கடைசி வரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த பெண், இங்கே ஒரு ஆளாகிவிட்டாள்.

இப்படியே சில மாதங்கள் போயின. பிறகு வந்தது அந்தச் சனிக்கிழமை.

நான் ஸ்டேஷனில் இறங்கித் தெருவுக்குள் நுழையும்போதே சுவருக்கு முன்னால் கூட்டம். கூட்டம் என்றால் சும்மா இல்லை, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவர்கள், தண்ணீர் கேனோடு நின்றவர்கள், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு ஒரே குஷி. முண்டியடித்துக்கொண்டு முன்னால் போனேன். அழகான, நிமிர்ந்த எழுத்தில் இப்படி இருந்தது:

'நம் தெருமுனை டீக்கடையில் இந்த வாரம் முதல் சுண்டல் கிடைக்கும். சுண்டல் மிகவும் சுவையாக உள்ளது. ரொம்பப் புகழாதே, ஓசிச் சுண்டல் தின்றுவிட்டு எழுதிய மாதிரி இருக்கிறது. தெருவிளக்கு வரும் புதன்கிழமைக்குள் சரி செய்யப்படும். நம்புகிற மாதிரி இல்லை. யார் சொன்னது?'

நடுநடுவே வந்ததெல்லாம் நான் ரயிலில் உட்கார்ந்து ஓரத்தில் கிறுக்கிய குறிப்புகள்! ஒன்று விடாமல், நான் போட்ட கேள்விக்குறி வரை, செய்தியோடு செய்தியாகச் சார்ட்டில் ஏறியிருந்தது. வழக்கமாக என் குறிப்புகளைப் பார்த்துப் பிள்ளைகள் மறுபடி எழுதித் தருவார்கள்; அந்த வாரம் நேரமில்லாமல் நான் திருத்திய தாளையே அவளிடம் கொடுத்திருந்தேன்.

டீக்கடைக்காரர் கரண்டியோடு வந்துவிட்டார். "இன்னாம்மா இது? நான் ஓசி சுண்டல் குடுத்தேன்னு எழுதி கீறீங்க?" என்றார். கூட்டத்திலிருந்து யாரோ, "குடுத்தியா இல்லியா, அத்த சொல்லு அண்ணாத்தே" என்றார்கள். அவர் கொடுத்திருந்தார். எங்கள் நிருபர்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பொட்டலம் சாப்பிட்டுவிட்டுத்தான் அந்தச் செய்தியை எழுதியிருந்தார்கள். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலைக்குள் சுண்டல் தீர்ந்தது என்று கேள்வி. தெருவிளக்குக்கும் திங்கட்கிழமையே ஆள் வந்து ஏணி போட்டுவிட்டார். 'நம்புகிற மாதிரி இல்லை' என்பது அந்தத் தெருவில் கொஞ்ச நாள் எல்லோர் வாயிலும் இருந்தது.

எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் அவளைத் தேடிப் போனேன். மொட்டை மாடிப் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி கண்ணு, எழுதும்போது இது செய்தி இல்லைன்னு தெரியலையா?"

"நீங்க எழுதி குடுத்தத்தான எழுதுனேன்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

எனக்குச் சிரிப்பு நின்றது. கையிலிருந்த வரைவுத் தாளை அவள் முன்னால் விரித்தேன். "சுண்டல்னு எங்க எழுதியிருக்கு, காட்டு" என்றேன். அவள் விரல் தாளின் மேல் மெதுவாக நகர்ந்தது. முதல் வரி, இரண்டாவது வரி, திரும்ப முதல் வரி. கடைசியில் 'புதன்கிழமை' என்ற சொல்லின் மேல் போய் நின்றது. நின்றதும் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் பதில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, விரலை எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு சொல்கூட.

மெல்ல மெல்லச் சொன்னாள். முதல் பள்ளியில் போர்டைப் பார்த்து எழுதச் சொன்னார்கள், எழுதினாள். 'அருமை' என்று போட்டு நட்சத்திரம் கொடுத்தார்கள். இரண்டாவது பள்ளியிலும் அதே. எழுத்து அழகாக இருந்ததால், அதற்கு மேல் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. "எல்லாம் கோலம் மாரிக்கா. பாத்துகினே போட்டுடுவேன்" என்றாள். எங்கள் பள்ளியிலோ யாரையும் எழுந்து நின்று படி என்று சொல்வதில்லை, அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம். மாட்டிக்கொள்ள வழியே இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேல் இல்லை. அந்த நட்சத்திரங்கள் மேல். நான் ஏதோ சத்தமாகச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் மார்க்கரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"எழுதுறத மட்டும் புடுங்கிக்காதீங்கக்கா. யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லிகீது."

அவளுக்கு இருந்தது அந்த ஒன்றுதான். அதைப் பிடுங்கிவிட்டு, சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்து, அணில் படம் போட்ட அட்டையைக் கையில் கொடுத்தால் அடுத்த நாள் அவள் வர மாட்டாள். காய்கறிச் சாக்கின் ஓரத்தில் அம்மாவோடு உட்கார்ந்துவிடுவாள். நாலாவது பள்ளி என்று ஒன்று இருக்காது. எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது.

"பிடுங்க மாட்டேன்" என்றேன். "ஆனா படிக்கக் கத்துக்கணும். நீயும் நானும் மட்டும். சரியா?"

தலையாட்டினாள். உண்மையைச் சொன்னால், கீழே இறங்கி வரும்போது எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம்தான். எழுதத் தெரிந்து படிக்கத் தெரியாத பிள்ளை! சாதாரணமாக எங்களுக்கு வருவது இதற்கு நேர் எதிர். பூட்டு கையில் இருக்கிறது, சாவியும் இங்கேயேதான் எங்கோ கிடக்கிறது என்று தோன்றியது. அன்று வீடு திரும்புகிற ரயிலில் ஆவடியில் ஏறின கூட்டம் என்னை நசுக்கியதுகூட உறைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் விளையாடுகிற நேரத்தில் நாங்கள் மாடிப் படியில் உட்காருவோம். முதலில் எழுத்து அட்டைகளைக் கொண்டு போனேன். மூக்கைச் சுளித்தாள். "பாப்பாங்க படிக்கிறது இது." சரி என்று விட்டேன். அவளையே ஒரு செய்தி சொல்லச் சொல்லி, அவள் சொல்கிற மாதிரியே எழுதினேன். 'எங்க ஊட்டாண்ட குழாய்ல தண்ணி வரல. எங்கம்மா லாரி தண்ணி புடிக்க போச்சு. நான் தம்பிய பாத்துகினேன்.' மறுநாள் தாளைக் காட்டியதும் கடகடவென்று படித்தாள். நான் எழுந்து ஆடாத குறை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, பாத்தியா!" என்று குதித்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்து, வாக்கியங்களைத் துண்டுதுண்டாக வெட்டிக் கலைத்துப் போட்டேன். முதலில் கையில் வந்தது லாரித் தண்ணீர் வாக்கியம். அவள் கொஞ்சமும் தயங்காமல், "எங்க ஊட்டாண்ட குழாய்ல தண்ணி வரல" என்றாள். சொந்த வார்த்தையாயிற்றே, மனப்பாடம்! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அவள் என்னோடு சிரித்தது அதுதான் முதல் தடவை. அதனால் அன்று தோற்றது எனக்குத் தோல்வியாகவே தெரியவில்லை.

சாவி வேறு இடத்தில் கிடைத்தது. ஒருநாள் நான் தாளில் 'மழை' என்று எழுதி, "இது என்ன?" என்று கேட்டேன். பார்த்தாள், பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. ஆனால் பாவாடை மேல் அவள் விரல் தானாக அசைந்துகொண்டிருந்தது. அந்த எழுத்தை அது வரைந்துகொண்டிருந்தது! சட்டென்று அவள் கையைத் திருப்பி, உள்ளங்கையில் என் விரலால் 'ம' போட்டேன்.

"இது என்ன எழுத்து?"

"இது மார்க்கர் ஒறை மேல மொதல்ல வரும்" என்றாள். பிறகு, "ம்" என்றாள். பிறகு மெதுவாக, "ம" என்றாள்.

மார்க்கர் உறையில் அச்சாகியிருந்த தமிழ்ச் சொல்லை அவள் எத்தனை முறை பார்த்து வரைந்திருப்பாள்! அதன் பெயர் அவளுக்குத் தெரியும், அதன் முதல் வளைவு கைக்குத் தெரியும். கண் மட்டும்தான் இரண்டையும் சேர்க்காமல் இருந்தது. கண்ணை மூடச் சொல்லி, கையில் 'ழை' போட்டேன். கொம்பைப் போட்டு, ழகரத்தின் காலை நான் வளைத்து முடிப்பதற்குள்ளாகவே அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"மழ! மழைக்கா!"

நான் போட்ட சத்தத்தில் கீழே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடி வந்தார்கள். "ஒண்ணுமில்ல, பல்லி" என்று சொல்லி அனுப்பினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. நான் அவள் கையில் எழுதுவேன், அவள் என் கையில் எழுதுவாள். செய்தி சேகரிக்கிற சாக்கில் தெருத் தெருவாகச் சுற்றினோம். எந்தக் கடைப் பலகை எட்டினாலும் அதன் மேல் விரலை ஓட்டுவாள், ஓடி முடிந்ததும் வாயிலிருந்து சத்தம் வரும். பெயிண்ட் கடைக்காரர் ஒருவர், "இன்னாம்மா, போர்ட சொரண்டிகினு கீற?" என்று எழுந்து வந்துவிட்டார். "காஞ்சிடுச்சானு பாக்கறேண்ணா" என்று அவளே சமாளித்தாள். அது பல வருஷத்துப் பலகை. ஸ்டேஷன் பெயர்ப் பலகை எட்டவில்லை. அதற்குக் காற்றிலேயே விரலை ஓட்டினாள். பட்டாபிராம் என்று வந்ததும் எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அவளோ, "ப்பூ, இவ்ளோதானா? இது எனக்கு முன்னாடியே தெரியுமே" என்றாள். கொஞ்ச நாளில் விரல் ஓடுவது குறைந்தது. கரையான்சாவடி என்று முகப்பில் போட்ட பஸ் வேகமாகப் போகும்போது, அது திரும்புவதற்குள் சொல்லிவிட்டாள். அன்று விரல் அசையவே இல்லை. அதைச் சொன்னால் பழைய மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சொற்களைப் படிக்கிறாள், சரி. வெள்ளிக்கிழமை மதியம் சார்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறாளே, அதைப் படித்து எழுதுகிறாளா, பழையபடி கோலமாகப் போடுகிறாளா? கேட்டால் தோளைக் குலுக்குவாள். மற்ற பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு அவள் எழுத்துக்காரி, அவ்வளவுதான்.

அடுத்த பள்ளி வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த மாத ஆசிரியர் எங்கள் பள்ளியிலேயே கெட்டிக்காரப் பெண்களில் ஒருத்தி. பதின்மூன்று வயது. அப்பா, அம்மா இருவரும் ஐடி. புது அடுக்குமாடியிலிருந்து காரில் வருவாள். அந்த வாரத் தலைப்புச் செய்தியை அவளே எழுதியிருந்தாள். நான் வழக்கம்போல ரயிலில் திருத்தினேன். நடை நன்றாக இருந்தது. ஒரு காற்புள்ளியை மாற்றிவிட்டு, சபாஷ் என்று நினைத்துக்கொண்டேன். சுண்டல் விவகாரத்துக்குப் பிறகு என் கிறுக்கல் இல்லாமல் தனியாகப் படியெடுத்துத்தான் கொடுப்பது. அதையும் செய்து கொடுத்தேன்.

கூடத்தில் சார்ட்டை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தாயிற்று. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எழுத்துக்காரி தலைப்பை எழுதினாள். முதல் வரியை எழுதினாள். இரண்டாவது வரியின் நடுவில் மார்க்கர் நின்றது. மை தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"இத்த நான் எழுத மாட்டேன்" என்றாள்.

"ஏன்?" என்றாள் ஆசிரியர்.

"பொய்."

நான் குனிந்து பார்த்தேன். 'மெயின் ரோடு வளைவில் காய்கறி விற்பவர்கள் சாலையை அடைத்துக்கொண்டு உட்காருவதால் தினமும் நெரிசல் ஏற்படுகிறது. அவர்களை அங்கிருந்து அகற்ற வேண்டும்.' அவளிடம் கொடுத்த படியில் அப்படித்தான் இருந்தது. சார்ட்டில் எழுத்து 'அடைத்துக்கொண்டு' என்ற சொல்லுக்கு முன்னால் நின்றிருந்தது.

"பொய் இல்ல. நானே தினமும் பாக்கறேன்" என்றாள் ஆசிரியர்.

"எங்கேந்து பாத்த? கார்லேந்தா? ஓரமா கால்வாய்க்குப் பள்ளம் நோண்டிட்டு மூடாம வுட்டுட்டு பூட்டாங்க. அந்தப் பள்ளம் இருக்கற எடத்துலதான் எங்கம்மா மின்ன உக்காந்துகினு இருந்துச்சு. இப்ப எங்க உக்காரும்? பள்ளத்துக்குள்ள எறங்கியா?"

"அது எனக்குத் தெரியாது. செய்தி எழுதறது நாங்க. நீ எழுத்து எழுதறவ. உனக்கு முடியலைன்னா விடு, வேற யாராவது எழுதட்டும்."

அவளிடமிருந்து எதைப் பிடுங்க மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேனோ, அதை ஒரு பிள்ளை நடுக்கூடத்தில் வைத்துக் கேட்டுவிட்டது. குறுக்கே விழுந்து ஏதாவது சொல்லிவிடலாமா என்று வாய் பரபரத்தது. எழுத்துக்காரி தன் கையிலிருந்த மார்க்கரைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். எழுதிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். எழுதினால்கூட நான் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் மூடியைப் போட்டு அழுத்தினாள். மார்க்கரைத் தாளின் மேல் வைத்து, ஆசிரியர் பக்கம் உருட்டிவிட்டாள்.

"எழுதிக்கோ" என்றாள். "போன வருசம் இத்த குடுத்து இருந்தா நானே எழுதி இருப்பேன். அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது."

யாருக்கும் தெரியக் கூடாது என்று என்னிடம் கெஞ்சியவள், தானாகவே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். சொல்லும்போது தலை குனியவில்லை. படித்துவிட்டாள்! படித்தது மட்டுமல்ல, படித்ததை ஏற்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். காற்புள்ளியை மாற்றிவிட்டுச் சபாஷ் போட்ட எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த வாசிப்பில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியரின் முகம் சிவந்துபோயிருந்தது. மார்க்கரை எடுத்தாள். மூடியைத் திறக்கவில்லை. தான் எழுதிய செய்தியை மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு, "நான் பள்ளத்தப் பாக்கலை. கார்லேந்து பாத்தா அவங்க உக்காந்திருக்கறது மட்டும்தான் தெரியும்" என்றாள். "எங்க இருக்கு? வந்து காட்டு" என்று எழுந்தாள்.

இருவரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பின்னாலேயே மற்ற எல்லோரும் ஓடினார்கள். கூடத்தில் நானும், நாலு கல்லும், பாதி வரி எழுதிய சார்ட்டும் மிஞ்சினோம். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன், நடுநடுவே சிரித்தேன். பிறகு எழுந்து அவர்கள் பின்னால் ஓடினேன்.

அவர்கள் பள்ளத்தைப் பார்த்து, அளந்து, அங்கே உட்காருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்டு, புதிதாக எழுதி முடிக்கப் பல நாள் ஆனது. அதனால் அந்தச் சனிக்கிழமை சுவர் காலியாகவே இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாக்கா, இந்த வாரம் பேப்பர் வர்ல?"

"வரலை" என்றேன். "எழுதுற பொண்ணு ஒத்துக்கலை."